அதிர்வுக்குக் கணக்கு வகுத்த பிரபு

2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திற் பாம்பன் பழைய பாலத்தின்மீது புகைவண்டிகள் ஓடுவது நிறுத்தப்பட்டது என்னும் செய்தியை நானாட்டானில் என் வீட்டு விறாந்தையிலிருந்து வாசித்தபோது, நெருங்கிய உறவினர் ஒருவர் படுக்கையில் வீழ்ந்த செய்தியைக் கேட்டாற்போல் இருந்தது. மன்னார்ப் பகுதி மக்களுக்கு அஃது அந்நியநாட்டுப் பாலமாகத் தோன்றியதில்லை. 1914ஆம் ஆண்டு பெப்ரவரியில் அது திறக்கப்பட்டதன் பின்பு, தலைமன்னாரிற் கப்பலேறிப் புகைவண்டி பிடித்தோர் அனைவரும் அதன்மேற் சென்றே தமிழகப் பெருநிலத்தை அடைந்தனர். மாணவனாக இருந்த காலத்தில் நானும் இராமேசுவரத்திலிருந்து ஒருமுறை அதனைக் கடந்தேன். வண்டி ஊர்ந்து சென்றபோது இரும்பு உத்தரங்கள் ஒரு சுரத்தில் முழங்கின. நடுவிலுள்ள தூக்குப்பகுதியை அடைந்ததும் அம்முழக்கம் வேறொரு சுரத்திற்கு மாறியது. அருகிலிருந்த முதியவர் கைகூப்பினார். நான் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் செய்தியில் என் மனத்தைப் பற்றிக்கொண்டது ஒன்று உண்டு. பாலம் தளர்ந்துவிட்டது என்பதை உணர்த்தியவற்றுள், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து நிபுணர்கள் அதன்மேல் அமைத்திருந்த உணர்கருவிகளும் அடங்கும். இரும்பின் நடுக்கத்தை ஓயாது பதிவுசெய்து கணினிக்கு அனுப்புவதே அக்கருவிகளின் வேலை. ஒரு கட்டடத்தின் நடுக்கத்தைக் கேட்டு அதன் உள்நோயை அறிவதென்றால், நாடிபிடித்துப் பார்க்கும் பரிகாரியாரின் தொழில் அல்லவா அது!

தட்டிப் பார்த்து நலமறியும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. பானை வாங்கும் பெண்கள் விரல்முட்டியால் அதனைத் தட்டுவர். கீறல் உள்ள பானை சொல்லிவிடும். சுவரிற் பூச்சு விட்டிருக்கிறதா என்று கொத்தனார் கரண்டிப் பிடியாற் தட்டுவார். ஆனால், எவ்வளவு கீறினால் ஒலி எவ்வளவு மாறும், எந்த இடத்திற் கீறினால் எந்தச் சுரம் இறங்கும் என்று கேட்டால் அவர்கள் சிரிப்பார்கள். அக்கேள்விக்கு விடைகாணும் கணக்கை வகுத்துத் தந்தவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் எசெக்சு மாவட்டத்துப் பெருநிலக்கிழார் ஒருவர். யோன் வில்லியம் இசுத்திரற் என்பது அவரது இயற்பெயர். உலகம் அவரை றேலி பிரபு என்றே அறியும். வானம் ஏன் நீலநிறமாயிற்று என்பதற்கு விளக்கந் தந்தவர் என்ற அளவில் நம் மாணவர்கள் அவர் பெயரைக் கேட்டிருப்பர். நான் சொல்ல விரும்புவது அவருடைய மற்றொரு முகத்தை.

அவர் 1842ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பிறந்தார். குறைமாதத்திற் பிறந்த குழந்தை. பிள்ளைப்பருவம் முழுவதும் நோயோடு போராடினார். ஈற்றன், கரோ என்னும் புகழ்பெற்ற பாடசாலைகள் இரண்டிலும் அவராற் சில காலமே நிலைத்திருக்க முடிந்தது. இத்தகைய பிள்ளை பெரிய கணிதப் பரீட்சையில் முதல்வராக வருவார் என்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். 1861இற் கேம்பிறிட்ச் திரித்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். இறௌத் என்னும் பேராசானின் கடும்பயிற்சியைப் பெற்றார். 1865இற் கணிதச் சிறப்புப் பரீட்சையில் முதலாமிடம் பெற்றார்.

பிரபுவின் மூத்த மகன் விஞ்ஞானத்தைத் தொழிலாகக் கொள்வது அக்காலத்திற் குடும்பத்தினர்க்கு விந்தையாகவே பட்டது. வேட்டை, விருந்து, பாராளுமன்றம் என்பனவே அந்நிலையிலுள்ளவர்க்கு உரிய வழிகள். அவரோ ஒரு பேராசிரியரின் ஆலோசனைப்படி செருமன்மொழியைக் கற்று, கெல்மோற்சு என்பார் இசையொலி பற்றி எழுதிய நூலைப் படித்தார். ஒலியின் அதிர்வு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. பின்னர் அவர் கைவைத்த துறைகள் பல. ஒளி, மின், வாயு, நீரலை என்று அவர் தொடாத பகுதி பௌதிகத்தில் அரிது. எனினும் அதிர்வு என்னும் நூலிழை அவ்வளவு மணிகளையும் கோத்து நிற்கிறது.

1871இல் ஈவிலின் பல்பூர் என்னும் நங்கையை மணந்தார். பிற்காலத்திற் பிரித்தானியப் பிரதமராக விளங்கிய ஆதர் பல்பூரின் தமக்கை—தங்கை முறையை நான் இங்கு ஆராயப் போவதில்லை—என்பது போதும். மணமான அடுத்த ஆண்டே வாதக் காய்ச்சல் அவரைப் பற்றியது. உயிருக்கே மோசம் நேருமோ என்று அஞ்சினர். குளிர்காலத்தை இங்கிலாந்திற் கழிக்கலாகாது என்று வைத்தியர்கள் கூறவே, 1872இன் இறுதியில் மனைவியோடும் மைத்துனியோடும் எகிப்துக்குச் சென்று, நைல் நதியில் வீட்டுப்படகொன்றில் தங்கினார். பேரேடுகளும் நூலகமும் இல்லாத அந்தப் படகிலேதான் அவருடைய தலைசிறந்த நூல் தொடங்கப்பெற்றது. கரையிலுள்ள கோயில்களைக் காணப் பிறர் இறங்கிச் செல்ல, அவர் படகறையில் இருந்து அதிர்வுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். நலிந்த உடம்போடு ஆற்றில் மிதந்தவர் எழுதத் தொடங்கிய அந்நூல், 'ஒலியியற் கோட்பாடு' என்னும் பெயரோடு 1877இல் முதற்றொகுதியாகவும் 1878இல் இரண்டாந் தொகுதியாகவும் வெளிவந்தது.

பெயரைக் கண்டு அதனை இசைவாணர்க்கான நூலென்று எண்ணுவோர் ஏமாறுவர். தந்தி, கோல், தோல், தகடு என்று முதற்றொகுதி விரிந்து செல்கிறது. அதிரக்கூடிய எந்தப் பொருளுக்கும் பொதுவான விதிகளை அது வகுக்கிறது. ஒரு பாலமும் கோல்தான். ஒரு மாடிக்கட்டடமும் நிலத்தில் நட்ட கோல்தான். ஆகவே அவர் அறிந்தோ அறியாமலோ கட்டடக்கலைஞர்க்கும் அந்நூலை எழுதினார்.

அதில் ஓர் உபாயம் உண்டு. நான் மாணவர்க்கு அதனை ஊஞ்சலைக் கொண்டு விளக்குவேன். ஊஞ்சல் ஒரு கோடிக்குச் சென்று நிற்கும் கணத்தில் அதன் ஆற்றல் முழுவதும் ஏறிய உயரத்தில் ஒளிந்திருக்கும். நடுவே விரைந்து வரும் கணத்தில் முழுவதும் ஓட்டத்தில் இருக்கும். இரண்டும் சமம். அதிரும் உத்தரமும் அவ்வாறே. வளைந்து நிற்கும் கணத்தில் ஆற்றல் வளைவிலே தங்கும். நேராகும் கணத்தில் ஓட்டத்திலே தங்கும். வளைவிலே தங்கும் ஆற்றலைத் தீர்மானிப்பது பொருளின் விறைப்பு. ஓட்டத்திலே தங்குவதைத் தீர்மானிப்பது அதன் திணிவு. இரண்டையும் சமன்செய்தால், அது ஒரு செக்கனில் எத்தனை முறை அதிரும் என்னும் எண் கிடைத்துவிடும். இவ்வெண்ணை நாம் மீடிறன் என்போம். தமிழகத்தார் அதிர்வெண் என்பர். உத்தரம் எந்த வடிவில் வளைகிறது என்பதைத் துல்லியமாக அறிய வேண்டுவதும் இல்லை. ஏறத்தாழச் சரியான ஒரு வடிவத்தை ஊகித்துக்கொண்டாலே போதும். வடிவத்திற் சிறு பிழை இருந்தால் விடையில் அதனினும் மிகச் சிறிய பிழையே நேரும். கடினமான சமன்பாடுகளைத் தீர்க்கமாட்டாது திகைத்த எந்திரவியலாளர்க்கு இது பெரும் வரமாயிற்று.

இதிலிருந்து எழும் விதிகள் இரண்டு. ஒரு பொருளின் விறைப்பை எங்கேனும் குறைத்தால் அதன் சுரங்கள் இறங்குமேயன்றி ஏறா. திணிவைக் கூட்டினாலும் அவ்வாறே. இரண்டாவது விதியைத் தமிழர் கையிற் கருவியாகவே வைத்திருந்தனர். மிருதங்கத்தின் வலந்தலையிற் கருஞ்சாந்து இடுவதும், தொப்பியில் ரவைப்பசை அப்புவதும் திணிவைக் கூட்டிச் சுரத்தைத் திருத்தும் செயல்களே. வெறுந்தோலின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையா என்பதை றேலியின் கணக்கு காட்டிற்று. கருஞ்சாந்து இட்ட நம் மிருதங்கத்தில் அவை இசைகின்றன என்பதைத் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சந்திரசேகர வெங்கட இராமன் 1920இற் காட்டி, 1930களில் விரிவாக ஆராய்ந்தார். றேலியின் நூலே இராமனுக்கு இளமையில் வழிகாட்டி. சென்னையில் மாணவனாக இருந்த இராமனைப் பேராசிரியர் என்று விளித்தே றேலி கடிதம் எழுதினார் என்று இராமனின் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

முதலாம் விதிதான் நமக்கு இங்கு வேண்டுவது. உத்தரம் ஒன்றில் வெடிப்பு விழுந்தால் அவ்விடத்தில் விறைப்புக் குறையும், சுரம் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது, அந்தச் சுரத்தில் அதிரும்போது அவ்விடம் எவ்வளவு வளைகிறது என்பதைப் பொறுத்தது. இரு முனையிலும் தாங்கப்பெற்ற உத்தரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முதற் சுரத்தில் நடுப்பகுதியே மிகுதியாக வளையும். இரண்டாவது சுரத்திலோ நடுப்பகுதி அசையாது, வளையாது கிடக்கும். காற்பங்கும் முக்காற்பங்குமான இடங்களே மிகுதியாக வளையும். ஆகவே நடுவில் வெடிப்பு இருந்தால் முதற் சுரம் இறங்கும், இரண்டாவது சுரம் ஏறக்குறைய மாறாதிருக்கும். காற்பங்கில் இருந்தால் இரண்டாவது சுரம் மிகுதியாக இறங்கும். பல சுரங்களின் இறக்கத்தையும் ஒருங்கே எழுதிவைத்துப் பார்ப்பவன், வெடிப்பைக் கண்ணாற் காணாமலே அது கிடக்கும் இடத்தை ஊகிக்கலாம். இடப்பக்கத்துக் காற்பங்கா, வலப்பக்கத்துக் காற்பங்கா என்பதைச் சுரங்கள் மாத்திரம் சொல்லமாட்டா. அதற்கு அதிரும் வடிவத்தையும் அளந்தாக வேண்டும். 1970களில் எந்திரவியலாளர்கள் இத்துறையிற் புகுந்தபோது, நூறாண்டுக்கு முன் நைல் நதிப் படகிலே தொடங்கிய கணக்குத்தான் அவர்களுக்கு அடித்தளமாக இருந்தது.

1873இற் தந்தையார் இறக்க, பிரபுப் பட்டமும் தேளிங் என்னும் ஊரிலிருந்த பெருவீடும் நிலபுலங்களும் அவர்க்கு வந்தன. நிலங்களின் மேற்பார்வையைத் தம்பியிடம் ஒப்புவித்துவிட்டு, வீட்டின் ஒரு பகுதியை ஆய்வுகூடமாக்கிக்கொண்டார். 1879இற் கேம்பிறிட்ச் கவெண்டிசு ஆய்வுகூடத்தின் தலைவர் மாக்சுவெல் இறந்தபோது அப்பதவிக்கு இவரை அழைத்தனர். வேளாண்மை நலிவுற்று நிலவருவாய் குன்றியிருந்த காலம் அது. அதனாலேயே இசைந்தார் என்பர். ஐந்தாண்டுகள் அங்கிருந்தார். கருவி வாங்கத் தம் கைப்பணத்தையும் ஈந்தார். மாணவர்க்கு ஒழுங்கான செய்முறை வகுப்புக்களை ஏற்படுத்தினார். பெண்களையும் அவ்வகுப்புக்களிற் சமமாக அனுமதித்தார். மின்தடையின் அலகாகிய ஓமை மைத்துனியார் எலினோர் சிச்விக்கின் துணையோடு மீண்டும் திருத்தமாக அளந்தார். 1884இற் பதவியைத் துறந்து தேளிங்குக்கே திரும்பினார். அடுத்த ஆண்டு, நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் ஒருவகை அலை இருக்கவேண்டும் என்று கணக்கினாற் காட்டினார். பூமியதிர்ச்சியின்போது கட்டடங்களை உலுக்கும் அலைகளுள் ஒன்றாகிய அதனை இன்றும் றேலி அலை என்றே அழைக்கின்றனர்.

தேளிங் ஆய்வுகூடத்தைப் பார்த்தவர்கள் அதன் எளிமையைக் கண்டு வியந்தனர். நூல், அரக்கு, கண்ணாடிக்குழாய், பழைய மரத்துண்டு இவைகொண்டு பெரும்பாலான கருவிகளை ஒட்டவைத்திருந்தார். எந்தப் பகுதி முக்கியமோ அதனை மாத்திரம் மிகுந்த கவனத்தோடு செய்வார். ஏனையவை எப்படியிருந்தாலும் கவலைப்படார். சிக்கனம் பேசும் நம் பாடசாலை ஆய்வுகூடப் பொறுப்பாளர்கள் அவரை மிகவும் நேசித்திருப்பார்கள்.

1890இல் அவர் தேவாலய மணிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். தம் ஊர் மணிகளையே அதற்கு எடுத்துக்கொண்டார். மணியை ஓரிடத்திற் தட்டி, விளிம்பைச் சுற்றிச் செவிகொடுத்து, எந்தச் சுரம் எங்கே ஒடுங்குகிறது என்று குறித்தார். நானாட்டான் பகுதியிற் பிறந்தவனாகிய எனக்கு இது மிக அண்மையான செய்தியாகத் தோன்றுகிறது. எங்கள் ஊர்களிற் பொழுது விடிவதும் சாய்வதும் கோயில்மணியோடுதான். மணியில் வெடிப்பு விழுந்தால் அதை அறிய எவரும் கோபுரத்தில் ஏறவேண்டியதில்லை. வயலில் நிற்பவன் சொல்வான். ஆனால் அவன் சொல்வது வெடிப்பு முற்றிய பின்பு. முற்றுமுன் அறிவது எங்ஙனம்? இந்தக் கேள்வியின் அருமையைக் காட்டுவது அவர் வாழ்க்கையின் மிகப்பெரிய நிகழ்ச்சி. அது மணியைப் பற்றியதன்று, காற்றைப் பற்றியது.

வாயுக்களின் அடர்த்தியைத் திருத்தமாக அறிய அவர் விரும்பினார். கண்ணாடிக் கோளத்தை வெறுமையாக்கி நிறுப்பதும், வாயுவால் நிரப்பி நிறுப்பதுமே முறை. அதிலும் முன்னோர் கவனியாத ஒரு பிழையைக் கண்டார்: வெறுமையாக்கிய கோளம் வெளிக்காற்றின் அழுத்தத்தாற் சிறிதே சுருங்குகிறது, ஆகவே நிறையும் சிறிது பிழைபடுகிறது. அதனைத் திருத்திக்கொண்டு நைதரசனை நிறுத்தார். காற்றிலிருந்து ஒட்சிசனை நீக்கிப் பெற்ற நைதரசன் ஒரு நிறை காட்டிற்று. அமோனியாவின் துணையாற் பெற்றது அதனினும் சிறிது குறைவாகக் காட்டிற்று. வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆயிரத்தில் ஒரு பங்கு! தராசின் பிழை என்று தள்ளிவிட்டு நடந்திருக்கலாம். பெரும்பாலோர் அதனையே செய்திருப்பர்; நானும் செய்திருப்பேன். அவர் தள்ளவில்லை, மறைக்க முயலவுமில்லை. அந்த வேறுபாட்டை வளர்க்க வழிதேடினார். அமோனியா முறையில் வந்த நைதரசனிற் பெரும்பகுதி உண்மையிற் காற்றிலிருந்தே வந்திருந்தது. ஆகவே காற்றுக்குப் பதிலாகத் தூய ஒட்சிசனைச் செலுத்தி, முழு நைதரசனும் அமோனியாவிலிருந்தே வரும்படி செய்தார். பிழையாயிருந்தால் வேறுபாடு அப்படியே இருந்திருக்கும், அல்லது மறைந்திருக்கும். அதுவோ இருநூற்றில் ஒரு பங்காக வளர்ந்தது. அவ்வேறுபாடு இவ்வாறு வளருமுன்பே, 1892இல் ஒரு சஞ்சிகைக்குக் கடிதமெழுதி, இதற்கு விளக்கம் தரவல்லார் உளரோ என்று இரசாயனவியலாரைக் கேட்டார். பிரபுவும் பேரறிஞருமான ஒருவர் தமக்குத் தெரியவில்லை என்று வெளிப்படையாகக் கேட்டதை நினைக்கும்போதெல்லாம் அவரிடத்து மதிப்பு மிகுகிறது. இறுதியில் வில்லியம் இராம்சேயும் அவரும் சேர்ந்து, காற்றிலே அதுகாறும் எவரும் அறியாதிருந்த ஒரு வாயு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு கலந்திருப்பதை 1894 ஓகஸ்டில் அறிவித்தனர். எதனோடும் சேராத அந்தச் சோம்பல் வாயுவே ஆகன். 1904இல் றேலிக்குப் பௌதிகத்திலும் இராம்சேக்கு இரசாயனத்திலும் நொபெல் பரிசு கிடைத்தது. றேலி தம் பரிசுப்பணத்தைக் கேம்பிறிட்சுக்கே கொடுத்துவிட்டார்.

கட்டடங்களின் நோயறியும் இன்றைய முயற்சியிலும் இதே தராசுப் பிரச்சினைதான் மையமாக நிற்கிறது. 1993இல் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில், இடிக்கப்படவிருந்த ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் முதன்மையான இரும்பு உத்தரத்தை ஆராய்ச்சியாளர்கள் படிப்படியாக அறுத்துப் பார்த்தனர். ஒவ்வோர் அறுப்புக்கும் பின்னர் சுரங்களை அளந்தனர். கடைசி அறுப்பு நிகழும்வரை சுரங்கள் குறிப்பிடத்தக்க அளவில் மாறவேயில்லை. பெரும் பாலம் ஒன்றில் ஓரிடத்துக் காயம் முழுவதன் சுரத்தையும் அவ்வளவு சிறிதாகவே தொடுகிறது. அதற்கு மாறாக, அதே மாநிலத்தின் வேறொரு பாலத்திற் காயம் எதுவுமின்றியே ஒருநாளின் வெயிலும் இரவும் சுரங்களை நூற்றுக்கு ஐந்து வரையில் அசைத்தன. சுவிற்சர்லாந்தில் 1998இல் இடிக்கப்பட்ட ஒரு பாலத்தை அதற்கு முன் ஏறத்தாழ ஓராண்டு அளந்தார்கள். உறைபனிக் காலத்திற் தார்ப்படை இறுகி, பாலத்தின் சுரங்கள் உயர்ந்தன. அதாவது, நோயினால் வரும் மாற்றம் மிகச் சிறியது. பருவத்தால் வரும் மாற்றம் நூற்றில் ஐந்து. ஒன்றினுள்ளே மற்றொன்று மறைந்து கிடக்கிறது.

ஆகவே இன்றைய ஆய்வாளர் முதலில் நலமுள்ள கட்டடத்தை நெடுங்காலம் அளக்கின்றனர். காற்றும், வண்டிகளும், மனித நடமாட்டமும் அதனை எப்போதும் சிறிதே அசைத்துக்கொண்டிருக்கின்றன. அவ்வசைவே போதும், தனியே தட்டவேண்டியதில்லை. கலந்து வரும் நடுக்கத்தைக் கணினி தனித்தனிச் சுரங்களாகப் பிரிக்கிறது. வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் உரிய பங்கைக் கழித்து, மிஞ்சுவதைப் பார்க்கின்றனர். சுரத்தோடு நில்லாது அதிரும் வடிவத்தையும், அவ்வடிவம் எங்கே இயல்புக்கு மாறாகக் கூர்மையாய் வளைகிறது என்பதையும் தேடுகின்றனர்; ஏனெனிற் காயம் தன்னருகேயுள்ள வளைவிலேதான் உரக்கப் பேசுகிறது. சுருங்கும் கோளத்தின் பிழையைக் கழித்ததும், பின்னர் வேறுபாட்டை வளர்க்க வழிதேடியதும் தேளிங்கில் நடந்தவை.

நலமாயிருந்த காலத்து அளவே இல்லாத கட்டடத்துக்கு என் செய்வது? எங்கள் பகுதியில் அரிப்புக் கடற்கரையில் அல்லிராணிக் கோட்டை என்று மக்கள் அழைக்கும் சிதைவு ஒன்று உண்டு. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக, பிரித்தானியரின் முதலாவது தேசாதிபதி பிறெட்றிக் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் செங்கல்லும் சுண்ணமும் கொண்டு கட்டுவித்த மாளிகையின் எச்சம் அது. கடல் அதன் அடியைத் தின்றுகொண்டிருக்கிறது. அது முழுமையாக நின்ற காலத்தில் அதன் சுரத்தை எவர் கேட்டார்? இத்தகையவற்றுக்குத்தான் கணினி மாதிரி பயன்படுகிறது. கட்டடத்தை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் திணிவும் விறைப்பும் கொடுத்து, முழுவதன் சுரங்களையும் கணினியிற் கணிக்கின்றனர். கணித்த சுரமும் அளந்த சுரமும் முதலில் ஒத்துவருவதில்லை. பழைய சுண்ணத்தின் விறைப்பை யார் அறிவார்? துண்டுகளின் விறைப்பைச் சிறிது சிறிதாகத் திருத்தி இரண்டையும் ஒத்துவரச் செய்கின்றனர். எந்தத் துண்டின் விறைப்பை மிகுதியாகக் குறைக்கவேண்டி வந்ததோ அங்கே சந்தேகம் விழுகிறது. சந்தேகம் என்றே சொல்லவேண்டும்; வேறொரு திருத்தமும் அதே சுரங்களைத் தரக்கூடும். மாதிரி காட்டிய இடத்தைப் போய்க் கண்ணாற் பார்க்கும் கொத்தனாருக்கு இன்றும் வேலை இருக்கிறது.

இம்மாதிரிகளின் முன்னோர் வரலாற்றில் ஒரு சுவையான மனத்தாங்கலும் உண்டு. 1908இலும் அடுத்த ஆண்டிலும் வோல்ற்றர் இறிற்சு என்னும் இளைஞர், ஊகித்த வடிவங்கள் பலவற்றைச் சேர்த்து அதிர்வைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். வெளியிட்ட சிறிது காலத்தில் இறந்தும் போனார். அம்முறையைத் தாம் முன்னரே கையாண்டிருந்ததை அவர் அறியாதது வியப்பென்று 1911இல் றேலி எழுதினார். பிள்ளையின் பெயரில் இருவரும் பங்குகொள்ளும்படி உலகம் தீர்ப்புச்செய்தது: இன்று அது றேலி-இறிற்சு முறை. கணினிகள் வந்தபின் 1950களில் விமான எந்திரவியலாளர்கள் கட்டமைப்பைத் துண்டுதுண்டாக்கிக் கணிக்கும் வழியை வளர்த்தபோது அம்முறையே அதற்குத் துணைநின்றது.

உரியவர்க்கு உரிய பெயர் கிடைக்கவேண்டும் என்பதில் அவர் தம்பொருட்டு மாத்திரம் அக்கறைகொண்டவரல்லர். அரச கழகத்தின் செயலாளராக இருந்தபோது, அதன் பழைய ஏடுகளிடையே வோட்டர்சன் என்பார் 1845இல் அனுப்பிய கட்டுரையொன்றைக் கண்டெடுத்தார். வாயுக்களின் இயக்கம் பற்றிய அரிய கருத்துகள் அடங்கிய அதனைப் பரிசோதகர்கள் பயனற்றதென்று ஒதுக்கியிருந்தனர். எழுதியவரும் இறந்துவிட்டார். 1892இல் றேலி தம் முன்னுரையோடு அதனை அச்சிடுவித்தார். அவருக்கே ஒருமுறை இது நேர்ந்ததுண்டு. பெயர் விடுபட்டுப்போன அவருடைய கட்டுரையை ஒரு சங்கத்தார் எவனோ கிறுக்கன் எழுதியதென்று தள்ளினர். எழுதியவர் யாரென்று தெரிந்ததும் அதன் சிறப்பெல்லாம் அவர்கட்குப் புலப்பட்டுவிட்டது!

அவர் தவறாதவரல்லர். ஆழ்கடலின் நீலம் வானத்தின் நிழலே என்று எழுதினார். 1921இற் கப்பற்பயணத்தின்போது சிறு படிகக்கண்ணாடி ஒன்றினூடே கடலைப் பார்த்த இராமன், நீர்தாமே ஒளியைச் சிதறுகிறது என்று கண்டு அதனை மறுத்தார். மன்னார்க் கடலைத் தினமும் பார்ப்பவர்களாகிய எங்களுக்கு இராமன் பக்கமே சாயத் தோன்றுவது இயல்பு. அம்மறுப்பைக் கேட்க றேலி உயிரோடு இல்லை.

1905முதல் 1908வரை அரச கழகத்தின் தலைவராகவும், 1908முதல் இறுதிவரை கேம்பிறிட்ச் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கினார். பதவிகள் பல வந்தன. ஆய்வுகூடக் கதவு மூடப்படவில்லை. 1919 யூன் 30ஆம் நாள் தம் எழுபத்தாறாம் வயதிற் தேளிங்கில் மறைந்தார். அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் நானூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றைத் திரட்டிய ஆறு தொகுதிகளுள் இறுதித் தொகுதி அவர் இறந்த மறு ஆண்டில் வெளிவந்தது. தகட்டின் அதிர்வு பற்றி இறிற்சை முன்னிட்டு எழுதிய 1911ஆம் ஆண்டுக் கட்டுரை அத்தொகுதியிலே இருக்கிறது. நைல் நதிப் படகிற் பேனாவை எடுத்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றபின்னும் அவர் தகட்டைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார்.